குறிகை முழுமை உருவகப்படுத்தல் மென்பொருள்கள்

குறிகை முழுமை உருவகப்படுத்தல் மென்பொருள்கள் என்பவை, அச்சிட்ட மின்சுற்றுப் பலகையில் செல்லும் குறிகைகள் (சிக்னல்கள்) சிதையாமல் மறுமுனையை அடையுமா என்பதைப் பலகையைத் தயாரிக்கும் முன்பே கணித்துக் காட்டும் மென்பொருள்கள் ஆகும். தயாரித்த பின் பிழை தெரியவந்தால் பலகையை மீண்டும் வரைந்து, அச்சிட்டு, உறுப்புகளைப் பற்றவைக்க வேண்டியிருக்கும். இதனால் பல வாரங்கள் வீணாகும். எனினும் விலை உயர்ந்த மென்பொருளே சிறந்தது என்று கொள்வது சரியன்று. குறிகையின் வேகமும், சில்லுகளுக்குக் கிடைக்கும் மாதிரிகளின் தரமுமே தேர்வைத் தீர்மானிக்கின்றன.

தேவை

இங்கு வேகம் என்பது கடிகார அதிர்வெண் அன்று. குறிகை தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்கு மாற எடுத்துக்கொள்ளும் எழுநேரம் ஆகும். எஃப்.ஆர்-4 எனப்படும் கண்ணாடியிழைப் பலகையில் குறிகை ஒரு நானோநொடியில் ஏறத்தாழ 15 செ.மீ. செல்கிறது. தடத்தைக் கடக்கும் நேரம் எழுநேரத்தில் ஆறில் ஒரு பங்கை மிஞ்சினால் அத்தடத்தை வெறும் கம்பியாகக் கருத இயலாது என்பது நடைமுறை விதி. இதன்படி எழுநேரம் 1 நானோநொடியாயின் 2.5 செ.மீ. நீளத்திற்கு மேற்பட்ட தடங்கள் அனைத்தையும் ஆராய வேண்டும். கடிகாரம் 10 மெகாஹெர்ட்சாக இருப்பினும் இவ்விதி மாறாது. சில்லு உற்பத்தியாளர் அதே சில்லைப் புதிய, சிறிய நுட்பத்தில் தயாரிக்கத் தொடங்கும்போது எழுநேரம் குறைவதுண்டு. பல ஆண்டுகள் ஒழுங்காக இயங்கிய பலகை, வரைபடத்தில் ஒரு கோடும் மாறாமலே பழுதாவதற்கு இது ஒரு காரணமாகும்.

மாதிரிகள்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவாகி 1973-இல் வெளியிடப்பட்ட ஸ்பைஸ், மின்சுற்று உருவகப்படுத்தலின் அடிப்படையாகும். ஆனால் ஸ்பைஸ் மாதிரி சில்லின் உட்சுற்றை அப்படியே விவரிப்பதால் அதனை வெளியிட நிறுவனங்கள் தயங்கின. இதற்குத் தீர்வாக, இன்டெல் நிறுவனத்தின் முயற்சியால் ஐபிஸ் என்னும் வடிவம் தோன்றியது. இதன் முதற் பதிப்பு 1993-இல் வெளியானது. ஐபிஸ் கோப்பு உட்சுற்றைச் சொல்வதில்லை. சில்லின் கால் ஒவ்வொன்றிலும் மின்னழுத்தத்திற்கு ஏற்ப மின்னோட்டம் எவ்வாறு மாறும், வெளியீடு எவ்வளவு விரைவாக மாறும் என்பவற்றை மட்டும் அட்டவணைகளாகத் தருகிறது. இயல்பான நிலைக்குரிய மதிப்புகளுடன் குறைந்த, மிகுந்த எல்லை மதிப்புகளும் அதில் இடம்பெறும். இயல்பான மதிப்பை மட்டும் இயக்கிப் பார்த்து நிறைவடைவது பரவலாகக் காணப்படும் குறையாகும்.

வினாடிக்குப் பல கிகாபிட் செல்லும் தொடர் இணைப்புகளுக்கு இது போதாது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் போன்றவற்றில் பிழை வீதம் ஒரு இலட்சம் கோடி பிட்டுகளுக்கு ஒன்று என்ற அளவில் இருக்க வேண்டும். அத்தனை பிட்டுகளை ஸ்பைஸ் வழியே இயக்குவது நடவாத செயல். எனவே 2008-இல் வெளியான ஐபிஸ் 5.0 பதிப்பில் ஏ.எம்.ஐ. மாதிரிகள் சேர்க்கப்பட்டன. இவை ஏற்பியின் திருத்தி வேலையை மென்பொருள் நிரலாகவே தருகின்றன. சில்லுக்கு ஏ.எம்.ஐ. மாதிரி மட்டுமே கிடைக்குமெனில், அதை இயக்காத மென்பொருள் அப்பணிக்கு உதவாது. ஆகவே மென்பொருளை வாங்கும் முன் மாதிரிகளைத் தேடிப் பெறுவதே முறையான வரிசையாகும்.

மென்பொருள் வகைகள்

தடத்தின் குறுக்குவெட்டை மட்டும் கணிக்கும் இருபரிமாணத் தீர்விகள் நினைவக இணைப்புகள், கடிகாரத் தடங்கள் முதலியவற்றிற்குப் பெரும்பாலும் போதும். சீமென்சின் ஹைப்பர்லிங்க்ஸ் இப்பணியில் பரவலாகப் பயன்படுகிறது. 2012-இல் கேடன்ஸ் வாங்கிய சிக்ரிட்டி, குறிகையையும் மின்வழங்கலையும் ஒருங்கே ஆராய்கிறது. இணைப்பிகளுக்கும், அடுக்குகளை இணைக்கும் துளைகளுக்கும் எச்.எஃப்.எஸ்.எஸ். போன்ற முப்பரிமாணத் தீர்வி தேவைப்படும். தடித்த பலகையில் துளையின் பயன்படாத வால் 5 மி.மீ. நீண்டிருந்தால் அது ஏறத்தாழ 7.5 கிகாஹெர்ட்சில் ஒத்திசைந்து குறிகையை விழுங்கிவிடும். குறுக்குவெட்டுக் கணிப்பில் இது தென்படாது. ஆனால் முழுப் பலகையையும் முப்பரிமாணத்தில் கணிக்க முயல்வது கணினி நேரத்தை வீணாக்குவதாகும்.

கட்டற்ற மென்பொருள்களில் என்ஜிஸ்பைஸ், ஓப்பன் ஈ.எம்.எஸ். ஆகியவை குறிப்பிடத்தக்கவை. 2023-இல் வெளியான கிக்காட் 7 பதிப்பு முதல் ஐபிஸ் மாதிரிகளையும் பயன்படுத்தலாம். சிறு நிறுவனங்களுக்கும் மாணவர்களுக்கும் இவை நல்ல தொடக்கமாகும்.

சரிபார்த்தல்

விடை தெரிந்த கணக்கொன்றைக் கொடுத்து மென்பொருளைச் சோதிக்கலாம். 20 ஓம் உள்மின்தடை கொண்ட 3.3 வோல்ட் வெளியீடு, இம்பீடன்ஸ் எனப்படும் மின்னெதிர்ப்பு 50 ஓம் கொண்ட தடத்தில் முதலில் ஏறத்தாழ 2.36 வோல்ட்டைச் செலுத்தும். திறந்த மறுமுனையில் அது இரட்டித்து 4.7 வோல்ட்டாக உயரும். வெளியீட்டருகே 30 ஓம் மின்தடையைத் தொடராக இணைத்தால் மறுமுனையில் 3.3 வோல்ட்டே கிடைக்கும். இவ்விடைகள் வராவிட்டால் முதலில் உள்ளீட்டு அமைப்புகளை ஆராய வேண்டும்.

பலகை உற்பத்தியாளர்கள் மின்னெதிர்ப்பைப் பொதுவாக 10 விழுக்காட்டு வேறுபாட்டுக்குள் தருகின்றனர். 50 ஓம் கேட்ட இடத்தில் 45-உம் வரலாம், 55-உம் வரலாம். எனவே உருவகப்படுத்தலை இவ்விரு எல்லைகளிலும் இயக்குவதுடன், பலகையின் ஓரத்தில் சோதனைத் தடம் ஒன்றை அமைத்து, வந்தபின் அளந்து ஒப்பிடுவதும் வழக்கம்.