மதுராந்தகம்: ஏரி காத்தவர்கள்

அஸ்தினாபுரத்துக்குக் குடிவந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை வருஷத்தில் திருச்சி ரோட்டில் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறேன். கல்யாணம், கருமாதி, ஆபீஸ் வேலை என்று ஏதாவது ஒரு காரணம். ஒவ்வொரு தடவையும் பஸ் ஜன்னலில் மதுராந்தகம் ஏரி வந்து போகும். "ஒரு நாள் இறங்கிப் பார்க்கணும்" என்று மனைவியிடம் சொல்வேன். "ஆமாங்க, சொல்லிக்கிட்டே இருங்க" என்பாள். அந்த ஒரு நாள் 2020 ஜனவரியில், பொங்கல் கழிந்த மறுவாரம்தான் வாய்த்தது. பெருங்களத்தூரில் பஸ் ஏறி, இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டோம்.

மதுராந்தகம் சின்ன ஊர். ஒரு பஜார், ஒரு கோவில், ஊரைவிடப் பெரிய ஓர் ஏரி. பழைய செங்கல்பட்டு ஜில்லாவையே ஏரி மாவட்டம் என்பார்கள். அதில் பெரிய ஏரிகளில் இதுவும் ஒன்று. இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் பரப்பு, முழுக் கொள்ளளவில் 23.3 அடி ஆழம். நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியே கிளியாற்றில் போய் விழும். ராஜராஜனுக்கு முன்னால், 985 வரை ஆண்ட உத்தம சோழனுக்கு மதுராந்தகன் என்றும் பெயர் உண்டு. ஏரியும் ஊரும் அவன் பெயரில் வந்தவை என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது.

முதலில் கோவில். கோதண்டராமர் சீதையின் கையைப் பிடித்தபடி நிற்கிற அழகைப் பார்க்கவே வரலாம். பெரிய நம்பியிடம் ராமானுஜர் பஞ்ச சம்ஸ்காரம் பெற்றது இங்கேதான், மகிழ மரத்தடியில். ஆனால் ஊர் மக்களுக்கு இவர் எல்லாவற்றுக்கும் மேலாக 'ஏரி காத்த ராமர்'. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார கலெக்டர் இருக்கிறார். லயோனல் பிளேஸ்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். மழை பலத்தால் கரை உடைவது அந்த நாளில் வழக்கம். ஒரு வருஷம் பிளேஸ் துரை கரையைப் பார்க்க வந்தார். கோவிலில் தாயார் சன்னதி கட்டக் கருங்கல் குவித்து வைத்திருந்தார்கள். கட்டிமுடிக்கப் பணமில்லை. "இந்தக் கல்லைக் கரைக்குப் போடலாமே, உங்கள் சாமி ஏரியைக் காப்பாற்றுவாரா?" என்று துரை கேட்டார். "காப்பாற்றுவார்" என்றார்கள் அர்ச்சகர்கள். 1798-இல் பேய்மழை. ஏரி தளும்பி நின்றது. கரை எப்போது போகுமோ என்று நடு ராத்திரி குடையோடு போன துரையின் கண்ணுக்கு, கையில் வில்லோடு இரண்டு பேர் கரையில் காவல் நிற்பது தெரிந்தது. கரை உடையவில்லை. மறுநாளே தாயார் சன்னதித் திருப்பணியைத் தாமே ஏற்றுக்கொண்டார். 'கும்பினி ஜாகீர் கலெக்டர்' என்று அவர் பேர் பொறித்த கல்வெட்டு இன்றைக்கும் ஜனகவல்லித் தாயார் சன்னதியில் இருக்கிறது.

கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவன் நான். அந்தக் கல்வெட்டின் முன்னால் கும்பிட்டு நின்றபோதும் ஒரு கேள்வி குறுகுறுத்தது. ஒரு கலெக்டர் கொட்டுகிற மழையில் நடு ராத்திரி ஏரிக்கரைக்கு ஏன் போகவேண்டும்?

வீடு திரும்பிய பிறகு படித்துப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. சென்னையைச் சுற்றியிருந்த இந்தச் சீமையை 1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1780-இல் ஹைதர் அலி படையெடுத்து வந்தபோது ஊர் ஊராகச் சூறையாடப்பட்டது. குடிகள் ஓடிப்போனார்கள், ஏரிகள் பராமரிப்பின்றித் தூர்ந்தன. 1794-இல் பிளேஸ் பொறுப்பேற்றபோது கையில் கிடைத்தது இந்தச் சீமைதான். அன்றைய வருமானம் என்பது விளைச்சலில் சர்க்கார் எடுக்கும் வாரம். தண்ணீர் இல்லையேல் விளைச்சல் இல்லை, விளைச்சல் இல்லையேல் வாரமும் இல்லை. அதனால் ஏரிகளைப் பழுது பார்த்தார். வரி வசூலில் கறாரானவர், மிராசுதாரர்களோடு மல்லுக்கு நின்றவர். ஜாகீரைப் பற்றி 1799-இல் அவர் கொடுத்த நீண்ட அறிக்கையை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். ஆக, அந்த ராத்திரி குடை பிடித்து நின்றது பக்தி அல்ல, கும்பினியின் கஜானா. பக்தி அதற்கப்புறம் வந்தது.

கோவிலை விட்டுக் கரையில் கொஞ்ச தூரம் நடந்தோம். சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு பெரியவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல்லாம். ராமர் கதையைப் பற்றிக் கேட்டேன்.

"நிஜம்தான் சார். ஆனா அவரு காப்பாத்துவாருன்னு நாம வீட்ல படுத்துக்க முடியுமா? மழை புடிச்சா மம்பட்டியும் மணல் மூட்டையுமா நாங்கதான் கரையில நிப்போம். எங்க அப்பாவும் நின்னாரு."

துரை கண்ட இரண்டு பேரை நான் மறுக்க வரவில்லை. அதே இருட்டில் பேர் தெரியாத இருநூறு பேர் மம்பட்டியோடு நின்றிருப்பார்களே என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். வருஷா வருஷம் கரைக்கு மண் போட்டு, மதகைச் சரிபார்த்த அந்த வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். அவர்களுக்குக் கல்வெட்டு கிடையாது.

மதியம் சாப்பிட்டுவிட்டு வேடந்தாங்கல் போனோம். பஸ்ஸில் அரை மணி நேரப் பயணம். தாங்கல் என்றால் சின்ன ஏரி. முப்பது ஹெக்டேர்தான், மதுராந்தகத்துக்கு முன்னால் குட்டை. தண்ணீருக்குள் நிற்கிற நீர்க்கடம்ப மரங்களில் இலை தெரியாதபடி நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், வெள்ளை அரிவாள்மூக்கன். சத்தமோ கோயம்பேடு மார்க்கெட் தோற்றது. "இங்க வாங்க, குஞ்சு வாயைத் திறக்குது பாருங்க" என்று என் மனைவி வாடகைப் பைனாகுலரை என்னிடம் தரவே இல்லை.

இங்கேயும் அதே பிளேஸ் துரைதான். கும்பினி சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, கிராமத்து ஜனங்கள் கலெக்டர் ஆபீசுக்கே திரண்டு போனார்கள். 1798-இல், யாரும் சுடக்கூடாது என்று அவரிடம் கவுல் வாங்கி வந்தார்கள். 1858-இல் இன்னொரு கலெக்டரிடமும் உத்தரவு பெற்றார்கள். சர்க்கார் இதைச் சரணாலயமாக அங்கீகரித்தது 1936-இல்தான். ஜனங்களின் கணக்கும் எளிது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அந்தக் கணக்கோடு பிரியமும் சேர்ந்துகொண்டது. தீபாவளிக்குக்கூட இங்கே வெடி வெடிப்பதில்லை. 2022-இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றபோது, அந்த ஜனங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் எனக்குப் பேச்சு வரவில்லை. காரணம் வேறு.

எங்கள் பக்கமும் ஏரிச் சீமைதான். சிட்லபாக்கம் ஏரித் தண்ணீர் செம்பாக்கம் ஏரிக்கும், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் போகவேண்டும். நான் மனை வாங்கியபோது பக்கத்தில் ஒரு கால்வாய் ஓடியது. மனை பள்ளமாக இருந்ததால்தான் விலை மலிவு. இருபது லாரி மண் அடித்து மேடாக்கினேன். பக்கத்து மனைக்காரரும் அடித்தார், அதற்கடுத்தவரும் அடித்தார். கால்வாய் சாக்கடை அகலத்துக்குச் சுருங்கியது. 2015 டிசம்பரில் எங்கள் ஹாலில் முழங்கால் தண்ணீர். மூன்று நாள் மாடியில் கிடந்தோம். அப்போது நான் திட்டாத ஆள் கிடையாது. அந்த இருபது லாரியை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

வரிக்காக ஒரு துரை கரையில் நின்றார். நெல்லுக்காக விவசாயி நின்றார். உரத்துக்காக வேடந்தாங்கல் ஜனங்கள் கலெக்டர் ஆபீஸ் படியேறினார்கள். எல்லாருக்கும் ஏரியில் ஒரு பங்கு இருந்தது, அதனால் காத்தார்கள். எனக்கு ஏரி வேண்டியிருக்கவில்லை. அது இருந்த இடம்தான் வேண்டியிருந்தது.

இப்போது எங்கள் தெருவில் நாலைந்து பெரிசுகள் சேர்ந்து, ஐப்பசிக்கு முன்னால் அந்தக் கால்வாயில் அடைத்திருக்கும் குப்பையை ஆள் வைத்து எடுக்கிறோம். சின்ன வேலைதான். "மம்பட்டியோட கிளம்பிட்டாரு ஏரி காத்த ராமரு" என்று வீட்டில் கேலி நடக்கிறது. நடக்கட்டும்.

நீங்கள் போவதாக இருந்தால் டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். காலையில் கோவில், சாயங்காலம் பறவைகள் கூடு திரும்பும் நேரத்துக்கு வேடந்தாங்கல். நடுவில் ஏரிக்கரையில் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்.