இல்ல ஓரச்சு வட அமைப்பு

இல்ல ஓரச்சு வட அமைப்பு என்பது செய்மதித் தொலைக்காட்சி, கம்பிவடத் தொலைக்காட்சி, கம்பிவட இணையம் ஆகிய சேவைகளின் குறிகைகளை ஒரு வீட்டின் அறைகளுக்குக் கொண்டு செல்லும் கம்பியமைப்பு ஆகும். இச்சேவைகள் வெவ்வேறு அலைவெண் பட்டைகளைப் பயன்படுத்துகின்றன. எனவே, உரிய கருவிகளைப் பொருத்தினால் இரு சேவைகளையும் ஒரே வடத்தின் வழியே அனுப்ப முடியும். பிழையாக இணைத்தால் படம் தெரியாமற்போவது மட்டுமன்றி மோடம், செட்டாப் பெட்டி, கம்பிவட இயக்குநரின் பெருக்கி ஆகியனவும் பழுதடையலாம். இக்கட்டுரை அதன் தொழினுட்ப அடிப்படையையும், கடலூர், சிதம்பரம் போன்ற தமிழகக் கடலோரப் பகுதிகளில் கவனிக்க வேண்டியவற்றையும் விளக்குகிறது.

பின்னணி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகத்து 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அக்காலத்தில் வீடுகளின் கூரையில் அலுமினிய அலைவாங்கியே இருந்தது. 1982 இல் தொடங்கப்பட்ட இலங்கை ரூபவாகினியின் ஒளிபரப்பைத் தமிழகக் கடலோர மாவட்டத்தினர் உயரமான கம்பங்களில் அலைவாங்கியைப் பொருத்திப் பெற்றனர்.

1991 க்குப் பின் செய்மதி அலைவரிசைகள் பெருகியபோது, ஒருவர் பெரிய கிண்ண அலைவாங்கியை நிறுவி, அதன் குறிகையைத் தெருவிலுள்ள வீடுகளுக்கு வடம் மூலம் கொடுக்கும் தொழில் தோன்றியது. இத்தொழில் செய்வோர் பேச்சு வழக்கில் ‘கேபிள்காரர்’ எனப்பட்டனர். சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கியது. கம்பிவடத் தொலைக்காட்சி வலையமைப்புகளுக்கான ஒழுங்குமுறைச் சட்டம் 1995 இல் இயற்றப்பட்டது. தமிழ்நாடு அரசு 2006 இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் இணைப்புக்கான தேவையை மேலும் கூட்டியது. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007 இல் உருவாக்கப்பட்டது. 2011 செப்டம்பரில் அது மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தில் மீண்டும் சேவையைத் தொடங்கியது. 2017 இல் எண்ணிம ஒளிபரப்புக்கு மாறியது.

வீட்டிற்கு நேரடியாக வரும் செய்மதிச் சேவை (டி.டி.எச்) இந்தியாவில் 2003 இல் தொடங்கியது. டாட்டா ஸ்கை 2006 இலும், சன் டைரக்ட், ஏர்டெல் ஆகியவை 2008 இலும் வந்தன. டாட்டா ஸ்கை 2022 இல் டாட்டா பிளே எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2004 ஆம் ஆண்டின் இந்திய அகலப்பட்டைக் கொள்கை, கம்பிவட வலையமைப்பையும் இணையம் தரும் வழிகளுள் ஒன்றாக ஏற்றது. இவ்வாறு ஒரே வீட்டில் மாடியிலிருந்து ஒரு வடமும் தெருவிலிருந்து மற்றொரு வடமும் இறங்கும் நிலை ஏற்பட்டது.

ஓரச்சு வடம்

ஓரச்சு வடத்தின் நடுவில் ஒரு கடத்தியும், அதைச் சுற்றி மின்காப்புப் பொருளும், அதன்மேல் உலோகத் தாளும் வலைப்பின்னலும், வெளிப்புறத்தில் உறையும் அமைந்திருக்கும். நடுக்கடத்தியும் வலைப்பின்னலும் ஒரே அச்சைக் கொண்டவை என்பதால் இப்பெயர் ஏற்பட்டது. தொலைக்காட்சிப் பணிக்குரிய வடத்தின் மின்மறிப்பு 75 ஓம் ஆகும்.

பழைய கம்பிவட இணைப்புகளில் காணப்படும் ஆர்.ஜி-59 வடம் மெல்லியது. உயர் அலைவெண்களில் இழப்பு மிகுதி. செய்மதிக் குறிகைக்கு ஆர்.ஜி-6 வடமே ஏற்றது. தெருக்களில் நெடுந்தூரம் செல்லத் தடித்த ஆர்.ஜி-11 பயன்படுகிறது. முனைகளில் எஃப் வகை இணைப்பான் பொருத்தப்படுகிறது. வலைப்பின்னலின் ஓர் இழை நடுக்கடத்தியைத் தொட்டாலும் குறுக்குச் சுற்று ஏற்படும்.

அலைவெண் பங்கீடு

ஒரே வடத்தில் பல சேவைகள் செல்ல முடிவதற்குக் காரணம், அவை கீழ்க்காணுமாறு வெவ்வேறு பட்டைகளில் அமைவதே ஆகும்.

- 5 முதல் 65 மெகாஹெர்ட்ஸ் வரை: கம்பிவட மோடம் வீட்டிலிருந்து அனுப்பும் மேல்நோக்கிய தரவு. வட அமெரிக்க முறையில் இது 42 மெகாஹெர்ட்ஸுடன் முடிந்தது.
- அதற்கு மேல் 862 மெகாஹெர்ட்ஸ் வரை: கம்பிவடத் தொலைக்காட்சி அலைவரிசைகளும், வீட்டிற்கு வரும் இணையத் தரவும்.
- 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை: செய்மதிக் குறிகையின் இடைநிலை அலைவெண்.

செய்மதியிலிருந்து டி.டி.எச் குறிகை ‘கு’ பட்டையில், ஏறத்தாழ 11 முதல் 12 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவெண்ணில் வருகிறது. இவ்வளவு உயர்ந்த அலைவெண் சாதாரண வடத்தில் சில மீட்டர்களிலேயே நலிந்துவிடும். எனவே கிண்ணத்தின் குவியத்தில் உள்ள எல்.என்.பி என்னும் கருவி அதனைப் பெருக்கி, 950–2150 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்குத் தாழ்த்தி வடத்தில் விடுகிறது.

டைப்ளெக்சர்

இரு பட்டைகளை ஒன்று சேர்க்கவும் பிரிக்கவும் பயன்படும் வடிப்பான் கருவி டைப்ளெக்சர் எனப்படும். அதில் மூன்று முனைகள் உண்டு. ஒன்று செய்மதிப் பட்டையை மட்டும் விடும். மற்றொன்று தாழ்பட்டையை மட்டும் விடும். மூன்றாவது இரண்டும் கலந்த பொது முனை. மாடியில் ஒன்றும் அறையில் ஒன்றுமாக இக்கருவி இணையாகவே பயன்படும்.

இணைப்பு முறை வருமாறு:

1. எல்.என்.பியின் வடத்தை முதல் டைப்ளெக்சரின் செய்மதி முனையில் இணைத்தல்.
2. கம்பிவட இயக்குநரின் வடத்தைத் தாழ்பட்டை முனையில் இணைத்தல்.
3. பொது முனையிலிருந்து ஒற்றை வடத்தை அறைக்குக் கொண்டு செல்லுதல்.
4. அறையில் இரண்டாவது டைப்ளெக்சரின் பொது முனையில் அதை இணைத்தல்.
5. அதன் செய்மதி முனையை டி.டி.எச் பெட்டியுடனும், தாழ்பட்டை முனையை மோடத்துடனும் இணைத்தல்.

டைப்ளெக்சருக்குப் பதிலாகச் சாதாரணப் பிரிப்பானைத் (ஸ்ப்ளிட்டர்) தலைகீழாகப் பயன்படுத்துவது பரவலாகக் காணப்படும் பிழையாகும். பிரிப்பானில் அலைவெண்ணைத் தேர்ந்தெடுக்கும் வடிப்பான் இல்லை. இருவழிப் பிரிப்பான் ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழ 3.5 டெசிபெல் இழப்பை ஏற்படுத்தும். மேலும், எல்.என்.பியின் வெளியீடு தெரு வடத்திலும், தெரு வடத்தின் இரைச்சல் செய்மதிப் பெட்டியிலும் கலக்கும்.

வடத்தில் செல்லும் மின்சாரம்

செய்மதி வடம் குறிகையை மட்டும் தாங்குவதில்லை. டி.டி.எச் பெட்டி அதே வடத்தின் வழியே எல்.என்.பிக்கு நேர்மின்சாரம் அனுப்புகிறது. 13 வோல்ட் அனுப்பினால் ஒரு முனைவாக்கமும், 18 வோல்ட் அனுப்பினால் மற்றொரு முனைவாக்கமும் தேர்ந்தெடுக்கப்படும். 22 கிலோஹெர்ட்ஸ் தொனி ஒன்று உயர் பட்டையையோ தாழ் பட்டையையோ தெரிவு செய்யும்.

இம்மின்னழுத்தம் மோடத்திற்கோ இயக்குநரின் வலையமைப்பிற்கோ செல்லக்கூடாது. முறையான டைப்ளெக்சர் நேர்மின்சாரத்தைச் செய்மதி முனைக்கும் பொது முனைக்கும் இடையே மட்டும் கடத்தித் தாழ்பட்டை முனையில் தடுக்கிறது. செய்மதி முனையையும் தாழ்பட்டை முனையையும் மாற்றி இணைத்தால் எல்.என்.பிக்கு மின்சாரம் கிடைக்காது. பெட்டி ‘சிக்னல் இல்லை’ எனக் காட்டும். வடத்தைக் கழற்றும் முன் டி.டி.எச் பெட்டியின் மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகள்

இரண்டு டி.டி.எச் பெட்டிகளை ஒரே எல்.என்.பி முனையில் பிரிப்பான் மூலம் இணைத்தால் ஒரு பெட்டி 13 வோல்ட்டும் மற்றொன்று 18 வோல்ட்டும் கேட்கும் நேரத்தில் ஒன்றில் சில அலைவரிசைகள் மறையும். இரு வெளியீடுகள் கொண்ட எல்.என்.பியைப் பொருத்தி ஒவ்வொரு பெட்டிக்கும் தனி வடம் கொண்டு செல்வதே இதற்குத் தீர்வு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பல்வழி நிலைமாற்றி என்னும் கருவி பயன்படுகிறது. மாடி முழுவதும் கிண்ணங்கள் நிறைவதை இது தவிர்க்கும்.

குறிகை இழப்பு

வடத்தில் இழப்பு நீளத்துடனும் அலைவெண்ணுடனும் கூடும். ஆர்.ஜி-6 வடத்தில் 100 மீட்டருக்கு 860 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபெல்லும், 2150 மெகாஹெர்ட்ஸில் 30 டெசிபெல்லுக்குச் சற்று மேலும் இழப்பு உண்டாகும். மாடியிலிருந்து கூடத்திற்கு 20 மீட்டர் வடம் எனக் கொண்டால், செய்மதிக் குறிகை சுமார் 6 முதல் 7 டெசிபெல்லும், கம்பிவடக் குறிகை சுமார் 4 டெசிபெல்லும் நலியும். ஒவ்வொரு டைப்ளெக்சரும் மேலும் 1 முதல் 2 டெசிபெல் வரை குறைக்கும்.

எல்.என்.பி 50 டெசிபெல்லுக்கு மேல் பெருக்குவதால் செய்மதிக் குறிகை இவ்விழப்பைத் தாங்கும். ஆனால் மோடத்திற்கு இரு திசையிலும் கணக்கு உண்டு. வரும் குறிகை −15 முதல் +15 டெசிபெல் மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மோடம் திருப்பி அனுப்பும் குறிகையும் ஒவ்வொரு பிரிப்பானிலும் நலிவதால், அது தன் ஆற்றலை உயர்த்த வேண்டியிருக்கும். வரம்பைத் தாண்டினால் இணைப்பு அடிக்கடி அறுபடும். எனவே மோடத்திற்குச் செல்லும் வழியில் பிரிப்பான்கள் இயன்றவரை குறைவாக இருத்தல் நலம்.

கடலூர், சிதம்பரம் பகுதி

கடலூர் ஏறத்தாழ 11.75° வட அகலாங்கிலும் 79.75° கிழக்கு நெட்டாங்கிலும் அமைந்துள்ளது. இதிலிருந்து கிண்ணத்தின் திசையைக் கணக்கிடலாம். தூர்தர்சனின் இலவசச் சேவை இயங்கும் 93.5° கிழக்குச் செய்மதி, செம்மண்டலத்திலிருந்து நோக்கும்போது தென்கிழக்கில் (வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 130°) ஏறத்தாழ 69° உயரத்தில் இருக்கும். 83° கிழக்கில் உள்ள செய்மதி தெற்கிலிருந்து சற்றே கிழக்காக 76° உயரத்திலும், 108.2° கிழக்கில் உள்ளது 54° உயரத்திலும் அமையும். செய்மதிகள் இவ்வளவு உயரத்தில் இருப்பதால் அடுத்த வீட்டுச் சுவரைவிட மாடியை ஒட்டிய தென்னை, மாமரம் முதலியவற்றின் கிளைகளே குறிகையை மறைக்கும் வாய்ப்பு மிகுதி.

‘கு’ பட்டை அலைகளை மழைத்துளிகள் உட்கவர்கின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் திசம்பர் வரை, கனமழையின்போது டி.டி.எச் படம் உறைந்து மறைவது இதனாலாகும். மழை தணிந்தால் தானே சீராகும். கிண்ணத்தைத் திருப்ப வேண்டியதில்லை. மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் இறுதியிலும் சூரியன் செய்மதியின் நேர் பின்னால் வருவதால் சில நாட்கள் சில நிமிடங்கள் தடை ஏற்படும்.

கடற்காற்றின் உப்பு இணைப்பான்களை அரிக்கிறது. இணைப்பானுக்குள் புகும் நீர் வலைப்பின்னல் வழியே வடத்தின் உள்ளே பரவும். வடத்தைக் கட்டடத்திற்குள் நுழைக்கும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் நீர் அங்கே சொட்டிவிடும். வெளியிலுள்ள இணைப்புகளை நீர்புகா நாடாவால் சுற்றுவதும் கிண்ணத்தின் திருகாணிகளை ஆண்டுக்கொருமுறை பார்ப்பதும் பயன் தரும்.

2011 திசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது மாவட்டத்தில் மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. பல சிற்றூர்களுக்கு மின்சாரம் மீள வாரக்கணக்கில் ஆயிற்று. கம்பங்களையும் மரங்களையும் பற்றிச் செல்லும் தெரு வடம் இத்தகைய நேரங்களில் முதலில் அறுபடும். மாடிக் கிண்ணமோ காற்றில் திசை மாறும். செய்தி மிகவும் தேவைப்படும் நாளில் இரண்டும் ஒருசேர நின்றுவிடக் கூடும் என்பதால், மின்கலத்தில் இயங்கும் வானொலிப்பெட்டி ஒன்றை வைத்திருப்பது கடலோர வீடுகளுக்கு இன்றும் பொருத்தமானதே.

பாதுகாப்பு

இரு சேவைகளின் வடங்களைச் சேர்க்கும்போது அவற்றின் உலோக வலைப்பின்னல்களும் ஒன்றாகின்றன. கிண்ணத்தில் தாக்கும் மின்னல் மோடத்தையும், தெரு வடத்தில் கசியும் மின்சாரம் டி.டி.எச் பெட்டியையும் அடையும் வழி இதனால் திறக்கிறது. தெருப் பெருக்கியின் மின்வழங்கி பழுதானாலோ, அறுந்த மின்கம்பி வடத்தின்மேல் கிடந்தாலோ வலைப்பின்னலில் உயிராபத்தான மின்னழுத்தம் இருக்கக்கூடும்.

- கிண்ணத்தின் கம்பத்தையும் வடம் வீட்டில் நுழையும் இடத்தையும் தடித்த செப்புக் கம்பியால் வீட்டின் நிலத்தொடுப்புடன் இணைக்க வேண்டும். தனித்தனி நிலத்தொடுப்புகளை வைத்து அவற்றை இணைக்காமல் விடுவது தீங்கானது.
- தெரு வடத்தின் உலோகப் பகுதியைத் தொடும் முன் டெஸ்டரால் சோதிக்க வேண்டும்.
- இடி மின்னலின்போது வடங்களைக் கழற்றவோ மாடிக்குச் செல்லவோ கூடாது.
- மின்கம்பிக்கு அருகில் கிண்ணத்தின் கம்பத்தை நாட்டக்கூடாது.

வரம்புகள்

கம்பிவட இணையத் தரமான டாக்சிஸின் முதற்பதிப்பு 1997 இல் வெளிவந்தது. 2013 இல் வந்த 3.1 பதிப்பு 1218 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்த வல்லது. அப்பகுதி செய்மதி இடைநிலைப் பட்டையுடன் மேற்படிவதால், அவ்வாறான இணைப்பை டைப்ளெக்சர் மூலம் செய்மதியுடன் சேர்க்க இயலாது. அங்குத் தனி வடமே வழி.

மேலும், ‘கேபிள் இணையம்’ எனப்படும் எல்லா இணைப்புகளும் ஓரச்சு வடத்தில் வருவன அல்ல. இந்தியாவில் ஹாத்வே போன்ற நிறுவனங்கள் டாக்சிஸ் மோடம்களை வழங்கினாலும், பல உள்ளூர் இயக்குநர்கள் நான்கு இணை முறுக்குக் கம்பியான ஈதர்நெட் வடத்தையே வீட்டிற்குள் கொண்டு வந்தனர். அதனை ஓரச்சு வடத்துடன் இணைக்க முடியாது.

ஒளியிழைக்கு மாற்றம்

பிற்காலத்தில் கம்பிவட இயக்குநர்கள் பலர் வீடு வரை ஒளியிழையைக் கொண்டு வந்துள்ளனர். இதிலும் ஒரே இழையில் பல சேவைகள் செல்கின்றன. பொதுவான முறையில் வீட்டிலிருந்து செல்லும் தரவு 1310 நானோமீட்டர் அலைநீளத்திலும், வரும் தரவு 1490 நானோமீட்டரிலும், தொலைக்காட்சி 1550 நானோமீட்டரிலும் அமையும். டைப்ளெக்சர் அலைவெண்ணால் செய்ததை இங்கு ஒளி வடிப்பான் அலைநீளத்தால் செய்கிறது. ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாததால் தெருவிலிருந்து மின்னலோ கசிவு மின்சாரமோ அதன் வழியே வருவதில்லை. எனினும் மாடிக் கிண்ணத்திலிருந்து இறங்கும் வடம் ஓரச்சு வடமாகவே தொடர்வதால், அதற்குரிய நிலத்தொடுப்பு தேவையாகவே உள்ளது.

இவற்றையும் பார்க்க

- கம்பிவடத் தொலைக்காட்சி
- செயற்கைக்கோள் தொலைக்காட்சி
- ஓரச்சு வடம்
- அகலப்பட்டை இணையம்