முதியோர் இல்லத்துக் காவல்

முதியோர் இல்லங்களின் தாழ்வாரங்களில் காமிரா பொருத்துவதையும், படுக்கை விரிப்பின் அடியில் சென்சார் வைத்து, படுத்திருப்பவர் எழுந்தாரா, புரண்டாரா என்று கணக்கெடுப்பதையும் இந்த நூற்றாண்டின் நூதனம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். கருவிகள் புதியவைதாம், ஆனால் ஆதரவற்ற விருத்தர்களை ஓரிடத்தில் சேர்த்து, அவர்களுடைய நடமாட்டத்தை இடைவிடாமல் கண்காணிக்க வேண்டும் என்னும் எண்ணத்துக்கு இருநூறு வருஷங்களுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தைப் புரட்டுகிறவர்கள், யார் யாரைப் பார்த்தார்கள் என்று மட்டும் விசாரித்தால் போதாது; கூப்பிடும் அதிகாரம் எந்தக் காலத்தில் யார் கையில் இருந்தது என்பதையும் விசாரிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ருஷ்ய சாம்ராஜ்யத்தில் கிரிச்செவ் என்னும் ஊரில், பொத்தெம்கின் பிரபுவின் எஸ்டேட்டுப் பட்டறைகளை மேற்பார்த்துவந்த சாமுவேல் பெந்தாம் என்ற ஆங்கிலேயர், நடுவில் அமர்ந்த ஒருவரே சுற்றிலும் உள்ள தொழிலாளர் அனைவரையும் பார்த்துக்கொள்ளும்படியான வட்டக் கட்டடம் ஒன்றைக் கற்பித்தார். அவரைக் காணச் சென்றிருந்த தமையனார் ஜெரமி பெந்தாம் அந்த யோசனையைப் பற்றிக்கொண்டு, 1787-இல் கடிதங்களாக எழுதி, 1791-இல் நூலாக அச்சிட்டார். ‘பனாப்டிகன்’ என்ற அந்தக் கட்டடம் சிறைச்சாலைக்கான திட்டமாகவே பேர்பெற்றுவிட்டது. ஆயினும் சில வருஷங்களுக்குப் பின், 1797-இல், ஆர்தர் யங் நடத்திவந்த விவசாயப் பத்திரிகையில் ஏழைகளைப் பராமரிக்கும் திட்டம் ஒன்றைப் பெந்தாம் வெளியிட்டபோது, அதே கண்காணிப்புத் தத்துவத்தை அவர்களுக்கும் பிரயோகித்தார். வீட்டுக்கு 2,000 பேராக 250 இல்லங்கள் கட்ட வேண்டும், அவற்றை ஒரு கம்பெனி நிர்வகிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. சர்க்கார் அதை ஏற்கவில்லை.

ஆனால் 1834-ஆம் வருஷத்து ஏழைகள் சட்டத்தின்படி இங்கிலாந்து எங்கும் எழுந்த ஏழைவிடுதிகளில் அந்தத் தத்துவத்தின் சாயல் நன்றாகவே படிந்திருந்தது. சாம்ப்ஸன் கெம்ப்தார்ன் வரைந்து கொடுத்த மாதிரிப் படங்களில், விடுதித் தலைவரின் ஜாகை நடுவிலும், ஆண்கள், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்குரிய முற்றங்கள் அதைச் சுற்றிலும் அமைந்திருந்தன. தலைவர் தம் ஜன்னலருகே வந்து நின்றால் முற்றங்கள் கண்ணில் படும். கணவன் மனைவியரைக்கூடத் தனித்தனி முற்றத்தில்தான் வைத்தார்கள். அறுபது வயது கடந்த தம்பதிகளைப் பிரிக்கலாகாது என்று 1847-இல் ஒரு சட்டம் வந்தது. நம்மவர் சஷ்டியப்த பூர்த்தி கொண்டாடும் வயதை எட்டினால்தான் அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து வசிக்கும் உரிமை பிறந்தது!

இதற்கு நேர்மாறான ஒரு மரபை 1853-இல் லண்டன் ஹார்லி தெருவில், நோயுற்ற சீமாட்டிகளுக்கான ஒரு சிறு சிகிச்சை இல்லத்தில் காண்கிறோம். அதன் பொறுப்பை ஏற்கவிருந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல், நோயாளிகளின் மணிகளெல்லாம் தாதியின் அறை வாசலிலே ஒலிக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு மணிக்கும் ஒரு சிறு மூடி இருந்து, அந்த மணி அடித்ததும் அது திறந்துகொள்ள வேண்டும் என்றும், அழைத்தவர் இன்னார் என்று தாதி வந்து பார்க்கும்வரை அது திறந்தபடியே இருக்க வேண்டும் என்றும் கேட்டு எழுதினார். எவ்வளவு சிறிய உபகரணம், எவ்வளவு ஆழ்ந்த யோசனை! மணியோசை காற்றில் கரைந்துவிடும்; கவனிக்கத் தவறியவளோ, எனக்குக் கேட்கவில்லையே என்று சாதித்துவிடலாம்; திறந்து கிடக்கும் மூடியை என்ன செய்வது? கண்காணிப்பு இங்கேயும் உண்டுதான். ஆனால் கூப்பிடுகிறவர் நோயாளி. கணக்குச் சொல்ல வேண்டியவள் தாதி.

அமெரிக்காவிலோ கதை வேறு விதமாகப் போயிற்று. 1965-இல், முதியோர், ஏழைகள் ஆகியோரின் மருத்துவச் செலவை ஏற்கும் மெடிகேர், மெடிகெய்ட் திட்டங்கள் வந்து, சர்க்கார் பணம் தாராளமாகப் பாயத் தொடங்கியபின், முதியோர் பராமரிப்பு இல்லங்கள் பெரிய வியாபாரமாகவே வளர்ந்தன. ஆள் குறைவாக இருந்த இடங்களில், விழுந்துவிடுவார்கள் என்ற காரணத்தைக் காட்டி, கிழவர்களைத் துணிப்பட்டையால் கட்டிலோடு கட்டினார்கள். அல்லது முன்பலகையை மூடிப் பூட்டிய நாற்காலியில் மணிக்கணக்காக உட்கார வைத்தார்கள். 1980-களின் பிற்பகுதியில் இல்லவாசிகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது பேர் இவ்வாறு கட்டுண்டிருந்தார்கள். மருத்துவ அறிஞர் கழகம் ஒன்றின் 1986-ஆம் வருஷத்து அறிக்கையைத் தொடர்ந்து, 1987 டிசம்பரில் ஜனாதிபதி ரீகன் கையெழுத்திட்ட சட்டம், சிகிச்சைக்கு அவசியமில்லாமல் ஒருவரைக் கட்டிவைப்பதைத் தடை செய்தது.

கட்டு அவிழ்ந்தது; அதன் ஸ்தானத்தில் அலாரம் வந்து உட்கார்ந்தது. படுக்கை விரிப்பின் அடியில் மெல்லிய பாய் போன்ற ஒரு சென்சார். அதிலிருந்து கட்டில் காலருகே உள்ள சிறு பெட்டிக்கு ஒரு கம்பி. உடம்பின் பாரம் விலகிய மாத்திரத்தில் பெட்டி வீறிடும். பாதி ராத்திரியில் தண்ணீர் குடிக்கவோ, சிறுநீர் கழிக்கவோ எழ முயல்கிற பாட்டிக்கு, அறையிலுள்ள அத்தனை பேரையும் எழுப்பிவிடும் அந்தக் கூக்குரல் எப்படி இருக்கும்? நாலு நாள் பார்ப்பாள். ஐந்தாம் நாள், அசையாமல் கிடப்பதே மரியாதை என்று கற்றுக்கொள்வாள்.

இவ்வளவு செய்தும் விழுவதாவது குறைந்ததா என்றால், அதுவும் நிரூபணமாகவில்லை. மெம்பிஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பதினாறு வார்டுகளில் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், படுக்கை அலாரத்தின் உபயோகம் பெருகியதேயன்றி, விழுகிறவர்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க மாறுதல் காணவில்லை. 2017 நவம்பரில் மத்திய சர்க்காரின் மெடிகேர் இலாகா தன் இன்ஸ்பெக்டர்களுக்கு விடுத்த வழிகாட்டுதலில், சத்தத்துக்குப் பயந்து ஒருவர் அசையாமல் இருக்கும்படி நேர்ந்தால் அந்த அலாரமும் ஒரு கட்டாகவே கருதப்படலாம் என்று எழுதியது. கட்டுக்குப் பதிலாக வந்த கருவியைக் கட்டென்று ஒப்புக்கொள்ள முப்பது வருஷம் ஆயிற்று.

காமிராவின் வரலாறு இதற்குப் பக்கத்திலேயே, வேறொரு வழியாக வந்தது. அதை முதலில் வற்புறுத்திக் கேட்டவர்கள், தாய் தந்தையரின் உடம்பில் காரணம் தெரியாத காயங்களைக் கண்டு கலங்கிய பிள்ளைகள். 2001-இல் டெக்ஸாஸ் மாகாணம், இல்லவாசியோ அவர் சார்பில் உரிமை பெற்றவரோ விரும்பினால் அறையில் காமிரா வைத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்காவிலேயே முதன்முதலாகச் சட்டம் செய்தது. செலவு வைக்கிறவருடையது, ஒரே அறையில் வசிக்கும் மற்றவரின் சம்மதம் வேண்டும், காமிரா இருப்பதை அறிவிப்புப் பலகையில் தெரிவிக்க வேண்டும், இதைக் காரணமாகக் காட்டி யாரையும் வெளியேற்றக் கூடாது. இல்லினாய்ஸில் இத்தகைய சட்டம் 2016-இலும், மினஸோட்டாவில் 2020-இலும் அமலுக்கு வந்தது. பெந்தாமின் திட்டப்படி நிர்வாகி ஏழையைப் பார்ப்பார். இங்கே குடும்பத்தார் நிர்வாகியைப் பார்க்கிறார்கள். இந்தத் திருப்பம் நியாயமானதே. எனினும் உடை மாற்றும்போதும், உடம்பு துடைக்கும்போதும் படமாகிறவர் அறையிலுள்ள கிழவிதான் என்பதையும், அறிவு மங்கிய நிலையில் அவளுக்காகச் சம்மதம் கொடுப்பவர் வேறொருவர் என்பதையும் மறப்பதற்கில்லை.

நம் ஊர்களிலும் இன்று கட்டணம் வாங்கும் முதியோர் இல்லங்கள் பெருகிவருகின்றன. தாழ்வாரக் காட்சிகளைக் கடல் கடந்த தேசத்திலிருந்தே செல்போனில் பார்க்கலாம் என்பது பிள்ளைகளைக் கவரும் சௌகரியங்களுள் ஒன்றாகியிருக்கிறது. பெற்றோரைச் சேர்க்கும் முன் இடத்தைப் பார்க்கப் போகிறவர்கள், ஆபீஸ் அறைச் சுவரில் ஓடும் படங்களைப் பார்த்துத் திருப்தியடைந்து திரும்பிவிட வேண்டாம். ஏதேனும் ஒரு கட்டிலருகே சென்று, அங்கிருப்பவரின் அனுமதியோடு அழைப்பு மணியை அழுத்துங்கள். எத்தனை நிமிஷத்தில் ஆள் வருகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். அதற்குப் பிறகு அட்வான்ஸ் கட்டலாம்.