கணக்கு யார் கையில்? பல்லாங்குழி முதல் ரோல்20 வரை



பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் பாட்டி பல்லாங்குழி ஆடுகிறார். அறையில் பேரன் நண்பர்களோடு இணையத்தில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறான். பாட்டி கையால் எண்ணுகிறார். பேரனுக்குக் கணினி எண்ணித் தருகிறது. "கணினி வந்ததாலதானே சார் இந்த மாற்றம்?" என்று கேட்டால், பாதிதான் சரி.

முதலில் பாட்டியின் பலகையைப் பாருங்கள். 14 குழி, குழிக்கு 5 முத்து போட்டால் 70. மலாய்ப் பிள்ளைகளின் சொங்காக்கில் குழிக்கு 7, மொத்தம் 98. வென்றதைப் போட்டுவைக்க இரு முனையிலும் 'ரூமா' என்ற வீடு. இரண்டுக்குமே தாளும் பேனாவும் வேண்டாம். யாரிடம் எவ்வளவு என்பதைக் குழியே காட்டிவிடும்.

பேரனின் ஆட்டம் அப்படியில்லை. அதன் வேர் பிரஷ்யப் படையில் இருக்கிறது. 1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி போர்ப் பயிற்சிக்காக ஓர் ஆட்டத்தை வெளியிட்டார். வரைபடத்தின்மேல் படைக்கட்டைகள், பகடை, இழப்பைக் கணக்கிட அட்டவணைகள், நடுவர் ஒருவர். ஒவ்வொரு மோதலுக்கும் நடுவர் அட்டவணையைப் புரட்டிக் கழித்துக்கொண்டே இருக்கணும். ஆட்டம் எங்கே நகரும்? 1876-இல் வெர்டி து வெர்னுவா என்ற அதிகாரி, அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு அனுபவமுள்ள நடுவர் சொல்வதே முடிவு என்றார். சுமை குறைந்தது. ஆனால், அந்த முடிவைச் சரிபார்க்க ஆட்டக்காரருக்கு வழியில்லாமல் போயிற்று. (வகுப்பில் நான் நிறுத்தி நிதானமாகப் பேசும் இடம் இதுதான்.)

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது அட்டவணைகளும் கூடவே வந்தன. ஒருவர் கதை சொல்லி நடுவராக இருப்பார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். உயிர்ப்புள்ளி, கவசம், தங்கக் காசு, அனுபவப் புள்ளி எல்லாவற்றையும் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதணும். பிறகு 2004-இல் ஃபேன்டசி கிரவுண்ட்ஸ், 2012-இல் ரோல்20. பொத்தானை அழுத்தினால் பகடை உருண்டு, திறன் எண்ணும் கூடி, விடை வந்துவிடும்.

ஆகவே 'காரணம்' கேட்டால் கணினி என்று மட்டும் எழுதாதீர்கள். கணக்குச் சுமை 1824-லேயே இருந்தது. கருவி பிறகுதான் வந்தது. 'விளைவு' கேட்டால் இரண்டு பக்கமும் எழுதுங்க. கதைக்கு நேரம் மிச்சம், உண்மை. ஆனா பென்சிலால் கழித்த பிள்ளைக்குத் தன் வீரன் சாகப்போவது மூன்று சுற்றுக்கு முன்னமே தெரிந்திருக்கும். பொத்தானை மட்டும் அழுத்தும் பிள்ளை திடுக்கிடுகிறான்.

ரோல்20-இல் விடையின்மேல் சுட்டியை வைத்துப் பாருங்கள். எந்தப் பகடையில் என்ன விழுந்தது, அதோடு எது கூடியது என்று காட்டும்.