ஒரு பானைச் சரித்திரம்

ராஜாக்களின் விருந்துகளைப் பற்றிச் சரித்திராசிரியர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எந்தப் பிரபு எத்தனை மயில்களை வறுத்து விருந்தாளிகளுக்குப் படைத்தான், பாத்திரங்களில் வெள்ளி எத்தனை, தங்கம் எத்தனை என்பதெல்லாம் ஐரோப்பியப் புத்தகங்களில் அத்தியாயம் அத்தியாயமாகக் கிடைக்கும். அதே ஊரில், அதே இரவில், பகலெல்லாம் கல் உடைத்துவிட்டு வந்தவனுக்கு அவன் மனைவி என்ன சமைத்துப் போட்டாள் என்று கேட்டுப் பாருங்கள். சரித்திரம் பேச்சை மாற்றிவிடும்.

கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு மயில் கறியைவிட அந்தக் கல்லுடைப்பவன் வீட்டு அடுப்பின் மேல்தான் அக்கறை. இத்தாலி தேசத்தில் அப்படிப்பட்ட அடுப்புகளில் கொதித்த ஒரு பதார்த்தத்தின் கதையை இங்கே சொல்லப் போகிறேன். அதன் பெயர் 'பாஸ்தா ஏ ஃபஜோலி'. பாஸ்தாவும் பயறும் என்று அர்த்தம். ஒரே பானையில் பயறு, கொஞ்சம் காய், எண்ணெய், கடைசியில் ஒரு பிடி பாஸ்தா. சூப் என்று சொன்னால் சற்றுக் கெட்டி. கூட்டு என்று சொன்னால் சற்று இளக்கம். இப்போது கடையில் விற்கிற பாஸ்தாப் பொட்டலங்களின் முதுகில், 'வேலைக்குப் போகிறவர்களுக்கு அரை மணியில் ஒரே பாத்திரச் சமையல்' என்று அச்சிட்டிருக்கிறார்களே, அவற்றுக்கெல்லாம் இதுதான் பாட்டி. நேற்றுக் கண்டுபிடித்த சௌகரியம் என்ற தோரணையில் விற்கிறார்கள். பாட்டிக்குச் சில நூற்றாண்டுகள் வயதாகிறது. அவள் பிறந்த வீட்டில் சௌகரியம் என்ற பேச்சே கிடையாது.

முதலில் பாஸ்தாவின் பூர்வீகத்தைப் பார்ப்போம். மார்க்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டுவந்து இத்தாலியருக்குக் கொடுத்தார் என்று நம்மில் பலர் படித்திருப்போம். கதை அழகானது, உண்மை இல்லை. மார்க்கோ போலோ வெனிஸுக்குத் திரும்பியது 1295-ல். அதற்குப் பதினாறு வருஷம் முன்பே, 1279-ல், ஜெனோவா நகரத்தில் ஒரு போர்வீரனின் சொத்துக்களைக் கணக்கெடுத்த எழுத்தர், 'மக்கரோனி நிறைந்த ஒரு பீப்பாய்' என்று பட்டியலில் குறித்து வைத்திருக்கிறார். இன்னும் பின்னால் போனால், 1154-ல் சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜரின் சபையிலிருந்த அல்-இத்ரீஸி என்ற அராபியப் பண்டிதர், பலெர்மோவுக்கு அருகே திராபியா என்ற ஊரில் 'இத்ரியா' என்னும் உலர்ந்த மாவிழைகளை ஏராளமாகச் செய்து, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் கப்பல் கப்பலாக அனுப்புகிறார்கள் என்று எழுதினார். மார்க்கோ போலோ கதையை ஊரெல்லாம் பரப்பியதில், 1929-ல் அமெரிக்க மக்கரோனி வியாபாரிகளின் பத்திரிகை ஒன்றுக்கு நல்ல பங்கு உண்டு. கற்பனையில் வியாபாரிகள் எங்களையெல்லாம் மிஞ்சியவர்கள்!

ஆனால் அந்தக் காலத்துப் பாஸ்தா ஏழை வீட்டுச் சாப்பாடாக இல்லை. விலையும் அதிகம், வேகிற நேரமும் அதிகம். 15-ஆம் நூற்றாண்டில் பெரிய இடங்களில் சமைத்துப் புகழ் பெற்ற மார்ட்டினோ என்பவர், சிசிலி மக்கரோனியை இரண்டு மணி நேரம் வேகவைக்கச் சொல்கிறார். வெந்ததன் மேல் பாலாடைக்கட்டியும் வாசனைப் பொடியும் தூவிக்கொள்வார்கள்; சர்க்கரை போடுகிறவர்களும் உண்டு. இரண்டு மணி நேரம் எரிக்க விறகு உள்ளவனுக்குத்தானே அது கட்டும்?

அப்படியானால் ஏழைகள் எதைச் சாப்பிட்டார்கள்? ரோமாபுரியில் கொலோன்னா மாளிகையில் தொங்கும் ஓர் ஓவியம் இதற்குப் பதில் சொல்கிறது. அன்னிபாலே கராச்சி என்ற ஓவியர் 1580-களில் தீட்டியது. வைக்கோல் தொப்பி அணிந்த ஓர் உழைப்பாளி மேஜை முன் உட்கார்ந்திருக்கிறான். எதிரே ஒரு கிண்ணம் நிறையப் பயறு. உற்றுப் பார்த்தால் கறுப்புக் கண் தெரிகிறது; நம் காராமணியேதான். பக்கத்தில் ரொட்டி, வெங்காயத் தாள், கொஞ்சம் ஒயின். கரண்டி கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவில் நிற்கிறது. அதிலிருந்து சாறு சொட்டுகிறது. 'சாப்பிடும்போது எவனடா எட்டிப் பார்க்கிறது?' என்பது போல் நம்மை ஏறிட்டுப் பார்க்கிறான். ஒரு சாதாரண மனிதனின் சாப்பாட்டு நேரத்தை இவ்வளவு மரியாதையோடு படமாக்கிய கலைஞர்கள் அந்நாளில் சொற்பம். அவன் கிண்ணத்தில் பயறு இருக்கிறது, பாஸ்தா இல்லை.

பயறும் பாஸ்தாவும் ஏழையின் அடுப்பில் ஒன்று சேர்ந்த இடங்களில் முக்கியமானது நேப்பிள்ஸ். சேர்த்துவைத்தது பஞ்சம்.

17-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்தது. ஐரோப்பாவிலேயே ஜனநெருக்கம் மிகுந்த நகரங்களில் அது ஒன்று. நேப்பிள்ஸ்காரர்களை அயலூரார் அதுவரை 'இலை தின்னிகள்' என்று கேலி செய்வது வழக்கம். கீரையும் கோஸும்தான் அவர்கள் ஆகாரம். கையில் காசு இருந்தால் சிறிது மாமிசம். ஜனங்கள் பெருகப் பெருகக் கீரையும் மாமிசமும் எட்டாத விலைக்குப் போயின. வரிச்சுமை வேறு. 1647-ல் பழத்துக்குக்கூட வரி போட்டதும், மசனியெல்லோ என்ற இளம் மீன் வியாபாரியின் தலைமையில் நகரமே கிளர்ந்து எழுந்தது. பத்து நாட்களுக்குள் மசனியெல்லோ கொலையுண்டான். ஜனங்களின் வயிறு மட்டும் அப்படியே இருந்தது.

அந்தச் சமயத்தில் கைகொடுத்தது ஒரு யந்திரம். நம் வீட்டுச் சேவை நாழியை ஓர் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, கீழே வெண்கலத்தில் துளைத்தட்டு வைத்துக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கெட்டியான டூரம் கோதுமை மாவைப் பிசைந்து அதில் இட்டு நெருக்கினால் இழை இழையாக இறங்கும். நகரத்தை அடுத்த கிராஞானோ, தோர்ரே அனுன்ஸியாத்தா முதலிய ஊர்களில் மலைக்காற்றும் கடற்காற்றும் மாறி மாறி வீசி அந்த இழைகளை உலர்த்திக் கொடுத்தன. பாஸ்தா மலிந்தது. இலை தின்னிகள் 'மக்கரோனி தின்னிகள்' ஆனார்கள். எமிலியோ செரேனி என்ற இத்தாலிய அறிஞர் 1958-ல் இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்ந்து எழுதினார். நாக்கின் ருசியா மாறியது? ருசியை மாற்றியது கடைத்தெரு.

மலிந்த பாஸ்தாவிலும் மலிவானது ஒன்று இருந்தது. மளிகைக் கடைக்காரர்கள் நீள நீளமான பாஸ்தா வகைகளைப் பெட்டிகளில் வைத்து எடைபோட்டு விற்பார்கள். பெட்டியின் அடியில் உடைந்த துண்டுகள் தங்கிவிடும். ஒரு துண்டு தடித்தது, ஒன்று மெல்லியது, ஒன்று குழல், ஒன்று தட்டை. கலந்து கட்டிய இந்த உடைசலைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். குப்பை என்ற சொல்லோடு உறவுள்ள ஒரு பெயரைத்தான் நேப்பிள்ஸ் பேச்சில் அதற்கு வைத்திருந்தார்கள். நொய் வாங்கிக் கஞ்சி காய்ச்சிய குடும்பங்களை அறிந்த நமக்கு, அந்தக் கடை வாசலில் நின்ற பெண்ணின் முகத்தைக் கற்பனை செய்துகொள்வது சிரமமாக இராது.

அந்தப் பெண்ணின் சாமர்த்தியத்தை இனிப் பாருங்கள். பாஸ்தாவைத் தனியாக வேகவைத்தால் அதற்கு ஒரு பெரிய பாத்திரம் வேண்டும். நிறையத் தண்ணீர் கொதிக்க வேண்டும். அப்புறம் அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். அவளிடம் இருப்பது ஒரு பானை, ஓர் அடுப்பு, காசு கொடுத்து வாங்கிய கரி. ஆகவே, பயறு வெந்துகொண்டிருக்கிற பானையிலேயே உடைசலைப் போட்டாள். கொட்ட வேண்டிய தண்ணீர் என்று எதுவும் மிஞ்சவில்லை. பாஸ்தாவிலிருந்து இறங்கிய மாவுச் சத்து சாற்றைக் கெட்டியாக்கியது. தடித்த துண்டு சற்று விறைப்பாகவும் மெல்லிய துண்டு குழைந்தும் நின்றதில் புதிதாக ஒரு ருசி பிறந்தது. பாலாடைக்கட்டி வாங்க முடியாத வாரத்தில், போன வாரம் சாப்பிட்டதன் காய்ந்த தோலைப் போட்டாள். கோதுமையும் பயறும் சேர்ந்தால் உடம்புக்கு வேண்டிய புரதம் குறைவில்லாமல் கிடைக்கும் என்று பிற்காலத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் சொன்னார்கள். நம் வீட்டுச் சாதமும் பருப்பும் அதே கணக்குத்தான்.

இந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயரும் ஏட்டில் ஏறவில்லை. சமையல் ஏட்டில் ஏறியவர்கள் பெரும்பாலும் ஆண்களே. அவர்களில் பெரியவர் பெல்லெக்ரினோ ஆர்ட்டூஸி. 1891-ல் தம் எழுபத்தோராவது வயதில், பிரசுரகர்த்தர்கள் கைவிரித்ததால் சொந்தச் செலவில் ஒரு சமையல் புத்தகம் அச்சிட்டார். முதல் பதிப்பில் 475 பக்குவங்கள். பிற்காலப் பதிப்பில் 790. பாஸ்தா பயறின் பெரிய வீட்டு உறவான 'மினெஸ்த்ரோனே' சூப்பைச் சொல்லும்போது ஒரு சம்பவம் எழுதுகிறார். 1855-ல் லிவோர்னோ நகரில் ஒரு சாப்பாட்டு விடுதியில் அதைச் சாப்பிட்டாராம். இரவெல்லாம் வயிறு படாத பாடு பட்டது. மினெஸ்த்ரோனேயைச் சபித்துக்கொண்டே மறுநாள் ஊரை விட்டுப் போனார். பிறகுதான், அந்த ஊரில் காலரா பரவிவிட்டது என்றும், தாம் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரரே அதில் மாண்டுபோனார் என்றும் செய்தி வந்தது. பாவம், சூப் நிரபராதி!

ஆர்ட்டூஸி கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் எழுதியவற்றைச் செய்து பார்த்தவர்கள் அவர் வீட்டில் வேலை செய்த மரியெத்தா என்ற பெண்ணும் ஃபிரான்செஸ்கோ என்பவரும். 1911-ல் அவர் காலமானபோது, புத்தகத்தின் உரிமையை அந்த இருவருக்கும் எழுதிவைத்திருந்தார். அடுப்படியில் நின்றவர்களுக்குச் சரித்திரம் அபூர்வமாகக் கொடுத்த கூலி அது.

1880-க்கும் 1920-க்கும் இடையில் சுமார் நாற்பது லட்சம் இத்தாலியர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பானையும் கூடப் போயிற்று. அங்கே பெண்களும் தொழிற்சாலைக்குப் போனார்கள். 1911 மார்ச் 25 அன்று, சனிக்கிழமை வேலை முடிகிற நேரத்தில், நியூயார்க் நகரின் டிரையாங்கிள் தையல் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் மாண்டார்கள். யூதக் குடும்பங்களையும் இத்தாலியக் குடும்பங்களையும் சேர்ந்த இளம் பெண்களே அதிகம். வேலை முடிந்து வீட்டுக்கு ஓடி அடுப்பு மூட்டவேண்டிய பெண் என்ற ஜாதியே அந்தத் தலைமுறையில்தான் பெருவாரியாக உண்டாயிற்று. விறகுப் பஞ்சத்தோடு நேரப் பஞ்சமும் சேர்ந்துகொண்டது.

பஞ்சம் இருக்கும் இடத்துக்கு வியாபாரி வருவான். பியாசென்ஸாவில் பிறந்த எத்தோரே போயார்தி என்ற சமையற்காரர் 1924-ல் கிளீவ்லாந்து நகரில் ஓர் உணவு விடுதி திறந்தார். வாடிக்கைக்காரர்கள் அவருடைய குழம்பைப் பால் புட்டிகளில் வீட்டுக்கு வாங்கிப் போனார்கள். 1928-ல் தொழிற்சாலையே வைத்துவிட்டார். அமெரிக்கர்களின் வாயில் நுழைவதற்காகத் தம் பெயரைப் 'பாய்-ஆர்-டீ' என்று எழுத்துக்கூட்டி விற்றார். இரண்டாவது உலக யுத்தத்தில் சிப்பாய்களின் சாப்பாட்டுக்கும் அவர் டப்பாக்கள் போயின. ஒரு பானையும் வேண்டாம், டப்பாவைத் திறந்தால் போதும் என்ற காலம் வந்தது.

வேலை நாள் மாலைகளில் நானும் இந்தப் பானையைத்தான் வைக்கிறேன். காலையில் ஒரு கிண்ணம் காராமணியோ ராஜ்மாவோ ஊறப்போட்டு விடுவேன். மாலையில் அது குக்கரில் முழுவதும் வெந்த பிறகு, அடிகனமான பாத்திரத்தில் எண்ணெய் விட்டுப் பூண்டு, வெங்காயம், காரட், இரண்டு தக்காளி வதக்கி, பயறில் பாதியை மசித்தும் பாதியை முழுதாகவும் சேர்த்து, தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடுவேன். நூறு நூற்றைம்பது கிராம் பாஸ்தாவைக் கையாலேயே ஒடித்துப் போட்டு, அடிபிடிக்காமல் கிளறிக் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் வெந்துவிடும். இறக்கி ஐந்து நிமிஷம் மூடிவைக்க வேண்டும். அவசரப்பட்டு அந்த ஐந்து நிமிஷத்தைக் குறைக்காதீர்கள். சாறு பாஸ்தாவோடு சேர்வது அப்போதுதான். மேலே மிளகுப் பொடி, இன்னும் ஒரு கரண்டி எண்ணெய். நால்வருக்குப் போதும், தேய்க்க ஒரே பாத்திரம்.

என் வீட்டில் எரிவாயு இருக்கிறது, பானைகளுக்கும் குறைவில்லை. இல்லாதது நேரம். நேப்பிள்ஸ் நகரத்துப் பெண் கரியை மிச்சப்படுத்தக் கண்ட வழி, எனக்கு நேரத்தை மிச்சப்படுத்தித் தருகிறது. இரண்டு பேருடைய இல்லாமையும் ஒன்று என்று சொல்லமாட்டேன். அவள் பிள்ளைகள் பசியோடு படுத்த இரவுகள் உண்டு. அவளுடைய கண்டுபிடிப்பை 'சுலபச் சமையல்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அது அவளுக்குச் சுலபமாக வந்ததில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. கிராஞானோ பாஸ்தாவுக்கு 2013-ல் ஐரோப்பிய யூனியன் ஊர்ப் பெயரைக் காக்கும் சட்ட உரிமை வழங்கியது. பெயர் பெற்ற அந்த ஊர்த் தொழிற்சாலைகளில் இப்போது 'பாஸ்தா மிஸ்தா' என்று ஒரு சரக்கு தயாராகிறது. தடித்தது, மெல்லியது, குழல், தட்டை எல்லாம் கலந்த துண்டுகள். பெட்டியின் அடியில் மிஞ்சிய உடைசலை, இப்போது வேண்டுமென்றே செய்து, அழகான உறையில் போட்டு, நல்ல விலைக்கு விற்கிறார்கள். வாங்குகிறவர்களுக்கு அதன் ருசி தெரியும். யாருடைய கைப்பக்குவம் என்று உறையில் போட்டிருக்காது.