காதால் பார்த்த சினிமா

நம் குடியிருப்பில் இளையவர்கள் பலர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பாட்காஸ்ட் கதை கேட்டபடி நடைப்பயிற்சி போகிறார்கள். கேட்கும் கதை நம் பக்கத்துக்குப் புதிதல்ல.

1930களிலேயே நாடகங்கள் கிராமபோன் தட்டுகளாக வந்தன. ‘நாடக செட்’ என்பார்கள். தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் ஓடும். அதற்குள் அடங்கும்படி காட்சியைச் சுருக்கியாக வேண்டும். பிறகு வானொலி வந்தது. சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கின.

இதற்கிடையே சேலத்தில் டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கியிருந்தார். அவர் பெயரின் முன்னெழுத்தில் இருப்பது நம் திருச்செங்கோடுதான். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த நிறுவனம் அது. ‘மந்திரி குமாரி’ (1950), ‘திரும்பிப்பார்’ (1953) படங்களுக்குக் கலைஞர் மு.கருணாநிதி எழுதிய வசனத்தைக் கேட்கவே கூட்டம் வந்தது. காதுக்கு விருந்தான இத்தகைய படங்கள் இருந்ததால்தான் வானொலியில் ‘ஒலிச்சித்திரம்’ எடுபட்டது. முழுப் படத்தின் ஒலியை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கித் தருவதே ஒலிச்சித்திரம்.

கணக்குப் பார்ப்போம். படம் இரண்டரை மணி நேரம் என்றால் ஐந்தில் மூன்று பங்கு போக வேண்டும். ஒலிநாடா நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடினால், மிஞ்சும் ஒரு மணி நேரமே 2,250 அடி நீளம். நாடாவைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, இடம் கண்டு, பிளேடால் சாய்வாக வெட்டி, ஒட்டுநாடா போட்டு இணைப்பார்கள். நேராக வெட்டினால் ஒட்டிய இடத்தில் ‘டப்’ என்று கேட்கும்.

நீளத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. படத்தில் வசனமும் ஓசையும் பின்னணி இசையும் ஒரே தடத்தில் கலந்திருக்கும். வசனத்தை வெட்டினால் இசையும் சேர்ந்து அறுபடும். அதனால் கதவு சாத்தும் சத்தம், மூச்சு வாங்கும் இடைவெளி, இசை ஓயும் இடம் என்று தேடி வெட்ட வேண்டும். யார் பேசுகிறார் என்று தெரிய, பெயர் சொல்லி அழைக்கும் வரியைக் காப்பாற்ற வேண்டும். கண்ணீரும் கண்சாடையும் காதுக்கு எட்டாது. கத்திச்சண்டையில் உலோகச் சத்தம் மட்டுமே மிஞ்சும். எனவே அதை நான்கு வீச்சோடு நிறுத்திவிடலாம்.

1924இல் லண்டன் வானொலியில் ஒரு நாடகம் வந்தது. விளக்கு அணைந்த நிலக்கரிச் சுரங்கத்துக்குள் நடக்கும் கதை. காதுக்கென்றே எழுதியதால் இருட்டே துணையானது. நம்மவர்களுக்கோ கண்ணுக்காக எடுத்ததைக் காதுக்கு மாற்றும் வேலை. டூரிங் டாக்கீஸுக்குப் போக முடியாத முதியவர்களுக்கும், பார்வையற்றவர்களுக்கும், கைவேலையை விட்டு எழ முடியாதவர்களுக்கும் அதுதான் சினிமா. வசனம் எழுதியவர் பெயர் நமக்குத் தெரியும். வெட்டி ஒட்டியவர் பெயரை நாம் கேட்டதே இல்லை.

ஏற்காடு சாலையில் இன்று ஸ்டூடியோவின் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. ஒலிநாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்துவது பிபிசியிலும்கூட வழக்கமாக இருந்தது. வீடுகளில் வானொலியிலிருந்து பதிவுசெய்த கேசட்டுகளே சில நிகழ்ச்சிகளுக்குக் கடைசிப் பிரதியாக இருக்கலாம். உங்கள் பரண்மேல் அப்படி ஏதும் கிடந்தால், தயவுசெய்து குப்பையில் போடாமல் சங்க அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பூஞ்சை பிடிக்கும் முன் கணினியில் ஏற்றிவைப்போம்.