புளூம், பெஞ்சமின் சாமுவேல் (1913 – 1999)

பெஞ்சமின் சாமுவேல் புளூம் அமெரிக்கக் கல்வி உளவியலாளர். சிகாகோ பல்கலைக்கழகத்தின் கல்வித்துறைப் பேராசிரியர். கல்வி நோக்கங்களின் வகைப்பாடு, தேர்ச்சிவழிக் கற்றல் ஆகிய இரண்டாலும் உலகெங்கும் அறியப்பட்டவர். தமிழ்நாட்டில் பி.எட். பயின்ற எவரும் இவர் பெயரைப் படிக்காமல் தேறியிருக்க முடியாது. மாணவரைத் தரம் பிரித்து ஒதுக்குவதற்கே தேர்வுகள் பயன்பட்ட காலத்தில், கற்பித்தலைத் திருத்தும் கருவியாக அவற்றை மாற்ற முயன்றதே அவரது வாழ்நாள் பணி.

பிறப்பும் கல்வியும்

ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்கு, பென்சில்வேனியா மாநிலத்தின் நிலக்கரிச் சுரங்க ஊரான லான்ஸ்போர்டில் 1913 பிப்ரவரி 21 அன்று புளூம் பிறந்தார். தந்தையின் தொழில் படங்களுக்குச் சட்டமிடுவது. சிறுவயதிலேயே நூலகமே கதியென்று கிடந்தவர் புளூம். காலையில் எடுத்த புத்தகங்களை அன்றே திருப்பிக் கொடுத்ததால், உண்மையாகவே படித்து முடித்தாரா என்று நூலகர் ஐயுற்றதாகச் சொல்வர். பென்சில்வேனியா மாநிலக் கல்லூரியில் 1935இல் இளங்கலை, முதுகலைப் பட்டங்களைப் பெற்றார். அங்கே ஹேண்ட்பால் விளையாட்டில் வாகையரும் அவரே.

மதிப்பீட்டுத் துறை முன்னோடியான ரால்ஃப் டைலரிடம் பயில விரும்பி 1939இல் சிகாகோ சென்றார். 1942இல் முனைவர் பட்டம் பெற்றார். 1940 முதல் 1959 வரை அப்பல்கலைக்கழகத்தின் தேர்வுக் குழுவில் பணியாற்றினார். பாடம் நடத்தும் ஆசிரியரே மதிப்பெண் போடாமல், தனிக் குழு ஒன்று பொதுத் தேர்வு நடத்தும் முறை அங்கு இருந்தது. நல்ல வினா எது என்ற கேள்வியை நாள்தோறும் எதிர்கொண்ட அந்த வேலையே அவரது பிற்கால ஆய்வுகளுக்கு வித்திட்டது.

வகைப்பாடு

1948இல் பாஸ்டனில் கூடிய கல்லூரித் தேர்வாளர்கள், தங்கள் வினாக்களைப் பகிர்ந்துகொள்ளப் பொதுவான சட்டகம் வேண்டும் என்று கருதினர். அம்முயற்சி 1956இல் புளூமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட நூலாக வெளிவந்தது. எங்கெல்ஹார்ட், ஃபர்ஸ்ட், ஹில், கிராத்வோல் ஆகிய நால்வர் உடன் பணியாற்றினர். நூல் டைலருக்குக் காணிக்கையாக்கப்பட்டது.

கல்வி நோக்கங்களின் மூன்று களங்களுள் ஒன்றான அறிவுசார் களத்தை அறிதல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், தொகுத்தல், மதிப்பிடுதல் என ஆறு நிலைகளாக அந்நூல் வகுத்தது. வினாத்தாள்களின் பெரும்பகுதி முதல் நிலையான நினைவாற்றலையே சோதிக்கிறது என்பது இச்சட்டகத்தால் வெளிப்படையாகத் தெரிந்தது. உணர்வுசார் களத்துக்கான இரண்டாம் தொகுதி 1964இல் வந்தது. உடல்திறன் சார்ந்த உள இயக்கக் களத்தைப் பின்னாளில் பிறர் வகுத்தனர்.

சூழலும் தேர்ச்சியும்

1964இல் வெளியான மனிதப் பண்புகளின் நிலைத்தன்மையும் மாற்றமும் பற்றிய நூலில், அறிவுவளர்ச்சியின் பெரும்பகுதி மழலைப் பருவத்திலேயே நிகழ்கிறது என்றும், வீட்டுச் சூழலே அதை வெகுவாகத் தீர்மானிக்கிறது என்றும் புளூம் வாதிட்டார். வறிய குடும்பக் குழந்தைகளுக்காக அமெரிக்க அரசு 1965இல் தொடங்கிய ‘ஹெட் ஸ்டார்ட்’ திட்டத்துக்கு வலுச்சேர்த்த ஆய்வுகளுள் இதுவும் ஒன்று.

1968இல் தேர்ச்சிவழிக் கற்றலை முன்வைத்தார். எல்லோருக்கும் ஒரே கால அளவு கொடுத்தால் தேர்ச்சி வேறுபடும்; தேவையான காலமும் உதவியும் கொடுத்தால் பெரும்பாலோர் தேர்ச்சி பெறுவர் என்பது அதன் சாரம். ஒவ்வொரு அலகின் முடிவிலும் சிறு சோதனை வைத்து, தவறியதைத் திருத்திய பின்பே அடுத்த அலகுக்குச் செல்ல வேண்டும். பாடத்திட்ட மதிப்பீட்டுக்கு மதிப்பீட்டு அறிஞர் மைக்கேல் ஸ்கிரிவன் சூட்டிய பெயர்களைத் தழுவி, இத்தகைய இடைச் சோதனையை வளரறி மதிப்பீடு என்றும் இறுதித் தேர்வைத் தொகுத்தறி மதிப்பீடு என்றும் பிரிப்பதை வகுப்பறை நடைமுறையாக்கியது 1971இல் புளூம் பிறருடன் எழுதிய கையேடு.

தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் 98 விழுக்காட்டினரை விஞ்சுகிறார் என்று 1984இல் ஒரு கட்டுரையில் எழுதினார். குழு வகுப்பிலேயே அத்தகைய பயனை எட்டுவது எப்படி என்பது அவர் விடுத்த அறைகூவல். பிந்தைய ஆய்வுகள் பலவற்றில் இத்தனை பெரிய விளைவு காணப்படவில்லை. எனினும், கணினிவழித் தனிப்பயிற்சி பற்றிய விவாதங்கள் இன்றும் அந்தக் கட்டுரையைத் தொட்டே தொடங்குகின்றன.

இந்தியத் தொடர்பும் பன்னாட்டுப் பணியும்

1957இல் இந்தியாவுக்கு வந்த புளூம், அனைத்திந்திய இடைநிலைக் கல்வி மன்றத்துக்காக மதிப்பீட்டுப் பயிலரங்குகளை நடத்தினார். மறு ஆண்டு மத்தியத் தேர்வுப் பிரிவு அமைந்தது. அதன் பணி பின்னர், 1961இல் உருவான தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி மன்றத்தின் (என்.சி.இ.ஆர்.டி.) பொறுப்பானது. வினாத்தாள் தயாரிக்கும்முன், எந்தப் பாடப்பகுதிக்கும் எந்தத் திறனுக்கும் எத்தனை மதிப்பெண் என்று திட்டமிடும் ‘புளூ பிரிண்ட்’ போடும் வழக்கம் இச்சீர்திருத்தத்தின் வழியே பரவியது. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையுடன் வந்த முழுமையான தொடர் மதிப்பீட்டில் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்கள் ஒதுக்கப்பட்டன.

பன்னாட்டுக் கல்வி அடைவுகளை ஒப்பிடும் ஐ.இ.ஏ. அமைப்பை உருவாக்கியவர்களுள்ளும் புளூம் ஒருவர். அது 1964இல் 12 நாடுகளில் கணிதத் தேர்ச்சியை அளந்தது.

குடும்பமும் ஓய்வுக்காலமும்

1940இல் சோஃபியை மணந்தார். மாணவர்கள் ஒருவருக்கொருவர் கற்பிப்பது பற்றி 1976இல் நூல் எழுதியவர் சோஃபி. அவர்களுக்கு இரு மகன்கள். மகன்களுக்கு ஹேண்ட்பால், மேசைப்பந்து, சதுரங்கம் ஆகியவற்றோடு கதை புனையவும் தட்டச்சு செய்யவும் புளூமே கற்றுத் தந்தார். உடன்பிறந்தோரின் பிள்ளைகளிடமும் பேரன்பு காட்டினார்.

வீட்டின் மீது அவர் கொண்ட நம்பிக்கை கடைசிப் பெரிய ஆய்விலும் தெரிகிறது. பியானோ, சிற்பம், நீச்சல், டென்னிஸ், கணிதம், நரம்பியல் ஆகிய ஆறு துறைகளில் உச்சம் தொட்ட சுமார் 120 பேரை ஆராய்ந்து 1985இல் நூல் வெளியிட்டார். அவர்களில் பலர் குழந்தைப் பருவத்தில் மேதைகளாகத் தோன்றவில்லை. பெற்றோரின் ஊக்கமும் நல்ல ஆசிரியர்களும் நீண்டகால உழைப்புமே அவர்களை உயர்த்தின என்பது முடிவு. சிகாகோவில் ஓய்வுபெற்ற பின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். 1999 செப்டம்பர் 13 அன்று சிகாகோவில் காலமானார்.

மதிப்பீடு

ஆறு நிலைகளும் படிக்கட்டுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அமைகின்றனவா என்பது விவாதத்துக்குரியது. கிராத்வோலும் புளூமின் மாணவர் லோரின் ஆண்டர்சனும் 2001இல் வகைப்பாட்டைத் திருத்தி, ‘படைத்தல்’ என்பதை உச்சியில் வைத்தனர். வகைப்பாட்டைப் பட்டியலாக மனப்பாடம் செய்வோர் மிகுதி. மூல நூலைப் படிப்போர் குறைவு என்று புளூமே குறைப்பட்டதுண்டு. ‘இவனுக்குப் படிப்பு வராது’ என்ற முடிவுக்கு அறிவியல் ஆதாரம் குறைவு என்று காட்டியதே, அந்தப் பட்டியலைவிடப் பெரிய அவரது கொடை.